ஜார்ஜ் சைமன் ஓம்

மின்தடையின் அலகாகிய ‘ஓம்’ பிரணவ மந்திரமன்று. ஜெர்மானியப் பள்ளியாசிரியர் ஒருவரின் பெயராகும். 1789-இல் எர்லாங்கன் நகரில் பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். தாமே முயன்று கணிதம் பயின்ற தந்தை, மகனுக்கும் அதனைக் கற்பித்தார். நம் பெற்றோர் இதனைக் கவனிப்பார்களாக.

கொலோன் நகரில் ஆசிரியராயிருந்தபோது, வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளில் மின்சாரத்தைச் செலுத்தி அளந்தார் ஓம். தாம் கண்ட விதியை 1827-இல் நூலாக வெளியிட்டார். அவ்விதிப்படி, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். 240 வோல்ட்டில் 4 ஆம்பியர் பாயும் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் தடை 60 ஓம். வகுக்காமல் பெருக்கினாலோ, அதன் திறன் 960 வாட் என அறிகிறோம்.

ஜெர்மானிய அறிஞர் பலர் அந்நூலைப் பொருட்படுத்தவில்லை. மனமுடைந்த ஓம் வேலையைத் துறந்தார். 1833 வரை தக்க பதவியின்றி இருந்தார். 1841-இல் லண்டன் ராயல் கழகமே அவருக்குக் கோப்ளி பதக்கம் அளித்தது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி, 63-ஆம் அகவையில்தான் கிட்டியது. 1854-இல் காலமானார்.