துப்பாக்கி எடுத்த கை, டிரம்பெட் எடுத்தது!

1912-ம் ஆண்டின் கடைசி நாள். இரவு நேரம்.

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரம் புத்தாண்டை வரவேற்றுக்கொண்டு இருந்தது. தெருவெங்கும் வெடிச்சத்தம். ஆட்டம், பாட்டம்!

கூட்டத்தின் நடுவே 11 வயதுச் சிறுவன் ஒருவன். கறுப்பு இனத்தைச் சேர்ந்தவன். அவன் கையில் ஒரு கைத்துப்பாக்கி! வீட்டில் இருந்ததை யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்திருந்தான். அதை வானத்தை நோக்கிச் சுட்டான்.

அவ்வளவுதான். போலீசார் ஓடி வந்து அவனைப் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள், உலகமே புத்தாண்டைக் கொண்டாடியபோது, அவன் சிறுவர் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான்.

அந்தச் சிறுவன் யார் தெரியுமா?

அவர்தான் லூயி ஆம்ஸ்ட்ராங். "ஜாஸ்" இசையின் சக்கரவர்த்தி என்று பிற்காலத்தில் உலகம் புகழ்ந்த மேதை!

ஏழைக் குடும்பம்

லூயி பிறந்தது 1901-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி. இந்தத் தேதி அவருக்கே தெரியாது! 1900-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி பிறந்ததாகவே அவர் கடைசி வரை சொல்லி வந்தார். அவர் இறந்த பிறகுதான், மாதா கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருந்து உண்மைத் தேதி தெரியவந்தது.

லூயி கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். பாட்டி சில ஆண்டுகள் வளர்த்தார். பிறகு தாயாரிடம் வந்து சேர்ந்தான். அவர்கள் வாழ்ந்த பகுதியில் அடிதடிக்குக் குறைவே இல்லை.

லித்துவேனியாவில் இருந்து வந்து குடியேறிய ஒரு யூதக் குடும்பத்தார், பழைய சாமான் வியாபாரமும் கரி வியாபாரமும் செய்து வந்தார்கள். சிறுவன் லூயி அவர்களுடைய வண்டியில் எடுபிடி வேலை பார்த்தான். வண்டி வருவது தெருவில் உள்ளவர்களுக்குத் தெரிவதற்காக, ஒரு தகர ஊதுகுழலை ஊதிக்கொண்டே போவான். அந்தக் குடும்பத்தார் அவனுக்குச் சாப்பாடு போட்டார்கள். அன்பு காட்டினார்கள்.

அடகுக் கடை ஒன்றில் பழைய "கார்னெட்" வாத்தியம் ஒன்று விலைக்கு இருந்தது. டிரம்பெட்டின் தம்பி போன்ற பித்தளை ஊதுகுழல் அது. விலை 5 டாலர். அதை வாங்குவதற்கு அந்தக் குடும்பத்தார் முன்பணம் கொடுத்து உதவினார்கள்.

அந்த நன்றியை லூயி மறக்கவே இல்லை. யூதர்களின் சின்னமான ஆறுமுனை நட்சத்திரத்தைக் கழுத்துச் சங்கிலியில் கோத்து அணிந்து வந்தார்.

காதுதான் குரு

நியூ ஆர்லியன்ஸ் நகரில் எங்கே போனாலும் இசைதான். கல்யாணத்துக்கு இசை. ஊர்வலத்துக்கு இசை. சாவுக்கும் இசை!

சவ ஊர்வலம் இடுகாட்டுக்குப் போகும்போது, வாத்தியக்காரர்கள் சோகமான பாட்டை மெதுவாக வாசித்துக்கொண்டு போவார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளலான பாட்டை வாசிப்பார்கள். தெருப்பிள்ளைகள் அவர்கள் பின்னால் ஆடிக்கொண்டே போவார்கள்.

அந்தப் பிள்ளைகளில் லூயியும் ஒருவன். அழுகையும் ஆனந்தமும் ஒரே வாத்தியத்தில் இருந்து பிறக்க முடியும் என்பதை அவன் புத்தகத்தில் படிக்கவில்லை. காதால் கேட்டே தெரிந்துகொண்டான்.

வாலிபனானதும் பழைய கிராமபோன் பெட்டி ஒன்றை வாங்கினான். ஜாஸ் இசைத்தட்டுகளோடு, இத்தாலிய நாட்டின் பெரும்பாடகர் கரூசோவின் இசைத்தட்டுகளையும் போட்டுப் போட்டுக் கேட்டான். நல்ல இசை எங்கிருந்து வந்தாலும் அவன் காது ஏற்றுக்கொண்டது.

தண்டனையே வரமானது

சீர்திருத்தப் பள்ளியில் ராணுவம் போன்ற கட்டுப்பாடு. ஆனால் அங்கே ஒரு வாத்தியக் கோஷ்டியும் இருந்தது. அதை நடத்தியவர் பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர்.

முதலில் அவருக்கு லூயியைப் பிடிக்கவில்லை. போக்கிரிகள் நிறைந்த பகுதியில் இருந்து வந்தவன் ஆயிற்றே என்று ஒதுக்கி வைத்தார். லூயி பொறுமையாக இருந்தான். சில நாள் கழித்து ஆசிரியர் மனம் இளகினார். முதலில் கஞ்சிராவைப் போன்ற ஒரு சிறு தாள வாத்தியம். பிறகு முரசு. கடைசியில் கார்னெட்!

கோஷ்டிக்கே லூயி தலைவன் ஆனான். அவர்கள் அவனுடைய பழைய தெரு வழியாக வாசித்துக்கொண்டு போனபோது, அக்கம்பக்கத்தார் எல்லாம் வெளியே வந்து பார்த்து வியந்தார்கள்.

1914-ம் ஆண்டு ஜூன் மாதம் லூயி விடுதலையானான். பகலில் கரி வண்டி ஓட்டினான். இரவில் வாசித்தான்.

அப்போது அவனுக்கு ஒரு குரு கிடைத்தார். ஜோ ஆலிவர் என்ற புகழ்பெற்ற கார்னெட் கலைஞர்தான் அவர். சங்கீதம் சொல்லிக் கொடுத்ததோடு, தான் வாசித்த ஒரு கார்னெட்டையும் சீடனுக்குக் கொடுத்தார். பிறகு சிகாகோ நகருக்குப் போன ஆலிவர், 1922-ம் ஆண்டில் தந்தி அடித்து லூயியை அழைத்தார். லூயி ரெயில் ஏறினார்.

மறு ஆண்டு அந்தக் கோஷ்டி இசைத்தட்டுக்காக வாசித்தது. லூயியின் ஊதல் மிகப் பலமாக இருந்ததால், மற்றவர்களின் வாசிப்பை அது அமுக்கிவிட்டது. ஆகவே அவரைத் தள்ளித் தூரத்தில் நிற்க வைத்துப் பதிவு செய்தார்கள்!

அதே கோஷ்டியில் பியானோ வாசித்த லில் ஹார்டின் என்ற பெண்ணை 1924-ம் ஆண்டில் லூயி மணந்தார். குருவின் நிழலிலேயே நின்றால் வளர முடியாது என்று எடுத்துச் சொல்லி, அவரைத் தனி வழியில் போகத் தூண்டியவர் லில்தான்.

பிற்காலத்தில் குருவின் நிலை தாழ்ந்தது. பல்நோயால் வாசிக்க முடியாமல் வறுமையில் வாடினார். சவான்னா என்ற ஊருக்குக் கச்சேரி செய்யப் போன லூயி, அங்கே தெருவில் காய்கறி விற்றுக்கொண்டிருந்த ஆலிவரைக் கண்டு கலங்கினார். கையில் இருந்த பணத்தை எல்லாம் கொடுத்தார். 1938-ம் ஆண்டில் ஆலிவர் காலமானார்.

ஜாஸ் என்றால் என்ன?

நம் சங்கீதக் கச்சேரியில் வித்துவான் கற்பனை சுரம் பாடுகிறார் அல்லவா? தாளக்கட்டு மாறாது. ஆனால் அதற்குள் அவர் பாடுவது அந்த நேரத்தில் பிறப்பது. ஜாஸ் இசையும் அப்படித்தான். பாட்டின் மெட்டை வைத்துக்கொண்டு, வாசிப்பவர் அங்கேயே புதிதாகக் கற்பனை செய்வார்.

1925-ம் ஆண்டு முதல் லூயி சிறு கோஷ்டி அமைத்து வெளியிட்ட இசைத்தட்டுகள் ஜாஸ் இசையின் போக்கையே மாற்றின. அதுவரை கோஷ்டி முழுவதும் சேர்ந்து வாசிப்பதே பெரிதாக இருந்தது. தனி ஒரு கலைஞரின் கற்பனைக்கு லூயி முதல் இடம் கொடுத்தார். 1926-ம் ஆண்டு வெளிவந்த ஒரு பாட்டில், அர்த்தமே இல்லாத ஒலிகளை வாத்தியம் போலப் பாடினார். ஜனங்கள் சொக்கிப் போனார்கள்.

இன்னொரு ரகசியமும் அவரிடம் இருந்தது. தாளம் விழும் இடத்திலேயே சுரத்தை வைக்காமல், ஒரு கணம் தாமதித்து வைப்பார். கேட்பவர் மனம் இதோ வருகிறது என்று எதிர்பார்க்கும். அது சற்றுப் பிந்தி வந்து இன்பம் தரும். கேட்பவரும் சும்மா இருப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று அவர் மனம் ஊகித்துக்கொண்டே இருக்கிறது!

ஜாஸ் கலைஞர்களின் மூளையை விஞ்ஞானிகளும் ஆராய்ந்து இருக்கிறார்கள். 2008-ம் ஆண்டில் சார்லஸ் லிம், ஆலன் பிரவுன் என்ற இருவர், 6 பியானோ கலைஞர்களை ஸ்கேன் எந்திரத்துக்குள் படுக்க வைத்து வாசிக்கச் சொன்னார்கள். மனப்பாடமாக வாசித்தபோது ஒரு விதம். கற்பனையாக வாசித்தபோது வேறு விதம். கற்பனையின்போது, நம்மை நாமே கண்காணித்துத் திருத்திக்கொள்ளும் மூளைப் பகுதி அடங்கி இருந்தது. தன்னை வெளிப்படுத்தும் பகுதி சுறுசுறுப்பாக இயங்கியது.

ஆனால் எந்திரத்தால் அளக்க முடியாத மாற்றமும் உண்டு. அது ஒரு மாணவனின் மனத்தில் நடந்தது.

மாணவன் மனம் மாறியது

1931-ம் ஆண்டு அக்டோபர் மாதம். டெக்சாஸ் மாநிலத்தின் தலைநகரான ஆஸ்டினில், ஒரு ஓட்டலில் லூயியின் கச்சேரி நடந்தது.

சார்லஸ் பிளாக் என்ற வெள்ளைக்கார மாணவன் அங்கே வந்தான். வயது 16. லூயியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. நடனமாட வரும் பெண்களைப் பார்க்கலாம் என்றுதான் வந்தான்!

அந்தக் காலத்தில் தென்மாநிலங்களில் கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம், பஸ்சில் தனி இடம், குடிதண்ணீருக்குக்கூடத் தனிக் குழாய். கறுப்பர்களை வேலைக்காரர்களாக மட்டுமே பார்த்து வளர்ந்தவன் அந்த மாணவன். அவர்களில் ஒரு மேதை இருக்க முடியும் என்று அவன் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

லூயி கண்களை மூடிக்கொண்டு வாசித்தார். மாணவன் மலைத்து நின்றான். தன் வாழ்வில் முதல் தடவையாக ஒரு மேதையை நேரில் காண்கிறோம் என்பதை உணர்ந்தான். அந்த மேதை ஒரு கறுப்பர்! அப்படியானால், தான் இதுவரை நம்பி வந்தது எல்லாம் பொய்தானே? அந்தக் கேள்வி அவனை விடவே இல்லை.

அவன் சட்டம் படித்தான். சட்டப் பேராசிரியர் ஆனான். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளிக்கூடம் வைப்பது சரியா என்ற வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. கறுப்புக் குழந்தைகளுக்காக வழக்குத் தயாரித்த வக்கீல்கள் குழுவில் சார்லஸ் பிளாக்கும் சேர்ந்து உழைத்தார்.

1954-ம் ஆண்டு மே 17-ந் தேதி தீர்ப்பு வந்தது. அரசாங்கப் பள்ளிகளில் இனம் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று 9 நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினார்கள்!

சொந்த ஊருக்குப் போக மறுத்தார்

லூயியும் அவமானங்களைச் சந்தித்தவர்தான். அதே 1931-ம் ஆண்டில் சொந்த ஊரில் அவருடைய கச்சேரி வானொலியில் ஒலிபரப்பாக இருந்தது. ஒரு கறுப்பரை அறிமுகப்படுத்த மாட்டேன் என்று வெள்ளைக்கார அறிவிப்பாளர் மறுத்துவிட்டார். லூயி தானே மேடைக்கு வந்து தன்னை அறிமுகம் செய்துகொண்டு வாசித்தார்.

அவர் மேடையில் எப்போதும் சிரித்த முகமாக இருப்பார். வெள்ளைக்காரர்களைச் சந்தோஷப்படுத்தவே அப்படிச் சிரிக்கிறார் என்று கறுப்பு இளைஞர்கள் சிலர் குறை கூறினார்கள்.

1957-ம் ஆண்டில் அந்தச் சிரிப்பு மறைந்தது. லிட்டில் ராக் நகரில் 9 கறுப்பு மாணவர்கள் பள்ளிக்குள் போக முடியாமல் தடுக்கப்பட்டார்கள். கொதித்து எழுந்த லூயி, ஜனாதிபதி ஐசனோவரையே பகிரங்கமாகக் கண்டித்தார். அரசாங்கத்தின் சார்பில் சோவியத் ரஷ்யாவுக்குப் போக இருந்த பயணத்தையும் கைவிட்டார். பின்னர் ஜனாதிபதி ராணுவத்தை அனுப்பி, அந்த மாணவர்களைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லச் செய்தார். உடனே அவரைப் பாராட்டித் தந்தி கொடுத்தவரும் லூயிதான்!

வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிக்கக்கூடாது என்று அவருடைய சொந்த மாநிலம் சட்டம் போட்டது. லூயியின் கோஷ்டியிலோ இரு இனத்தாரும் இருந்தார்கள். அவர்களைப் பிரிக்க அவர் சம்மதிக்கவில்லை. ஊருக்கே போகாமல் இருந்தார். 1965-ம் ஆண்டில்தான் மீண்டும் நியூ ஆர்லியன்சில் வாசித்தார்.

கடைசி வரை கேட்டார்

1964-ம் ஆண்டில் அவர் பாடிய "ஹலோ டாலி" என்ற பாட்டு அமெரிக்காவில் விற்பனையில் முதல் இடத்தைப் பிடித்தது. அதுவரை முதல் இடத்தில் இருந்தவர்கள் யார்? உலகையே ஆட்டி வைத்த "பீட்டில்ஸ்" வாலிபர்கள்! அப்போது லூயிக்கு வயது 62.

பணமும் புகழும் வந்த பிறகும் அவர் மாளிகை கட்டவில்லை. நியூயார்க்கில் தொழிலாளர்கள் வாழும் பகுதியில், 1943-ம் ஆண்டில் வாங்கிய எளிய வீட்டிலேயே மனைவி லூசிலுடன் வாழ்ந்தார். அந்த வீட்டில் 600-க்கும் அதிகமான ஒலிநாடாக்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றில் அவர் வாசித்தது, மற்றவர்கள் பாடியது, நண்பர்களுடன் அரட்டை அடித்தது எல்லாம் இருந்தன.

1971-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி, அந்த வீட்டில் தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. 2003-ம் ஆண்டில் அந்த வீடு காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது.

1977-ம் ஆண்டில் விண்ணில் ஏவப்பட்ட "வாயேஜர்" விண்கலங்களில் பூமியின் இசையைப் பதித்த தங்க முலாம் பூசிய தட்டுகள் வைக்கப்பட்டன. அவற்றில் நம் நாட்டு கேசர்பாய் கேர்கரின் பாட்டோடு, லூயியின் வாசிப்பும் இடம் பெற்றுள்ளது.

சார்லஸ் பிளாக் 2001-ம் ஆண்டு வரை வாழ்ந்தார். பேராசிரியரான பிறகு ஆண்டுதோறும் ஒரு மாலை வேளையில் மாணவர்களையும் நண்பர்களையும் கூட்டி வைத்து, லூயியின் இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டுவார். எல்லோரும் அமைதியாகக் கேட்பார்கள்.

16 வயதில் தன் கண்ணைத் திறந்துவிட்ட இசைக்கு அவர் செலுத்திய நன்றிக்கடன் அது.