முத்துக்குளித்துறையில் புனித சவேரியார்

கரிசல் மண்ணில் வாழும் சங்கரன்கோவில் மாணவியராகிய எங்களுக்குக் கடல் சற்றுத் தொலைவுதான். முத்து மாலையைக் கண்டு வியந்திருக்கிறோம். அம்முத்துக்காக ஒருவர் மூச்சடக்கிக் கடலடிக்குச் சென்றதை நினைத்ததுண்டா? அத்தகையோருக்காக உழைத்த ஒருவரின் வரலாற்றைக் காண்போம்.

பிரான்சிஸ் சவேரியார் 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் நவார் நாட்டில் பிறந்தார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பட்டமும் புகழும் நாடியவர், புனித இஞ்ஞாசியாரின் நட்பால் மனம் மாறினார். 1542 மே மாதம் கோவாவில் வந்திறங்கி, அவ்வாண்டிலேயே முத்துக்குளித்துறையை அடைந்தார்.

அக்கரைவாழ் பரதவர் முத்துக் குளிப்பதில் வல்லவர். இந்நாளில் மத்தியதரைக் கடல் தீவுகளைச் சுற்றி மூழ்குவோர் காற்றுக் கலனை முதுகில் சுமந்து செல்கின்றனர். அந்நாளில் நம்மவர்க்குக் கல்லும் கயிறுமே துணை. கல்லில் காலூன்றி இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் சிப்பிகளைப் பையில் சேர்த்துக் கயிற்றை அசைப்பார்கள். தோணியில் நிற்பவர் உடனே இழுக்க வேண்டும். தாமதித்தால் உயிர் போய்விடும். சுறா பயமும் உண்டு. இத்தனை பாடுபட்டும் முத்தின் செல்வம் பெரும்பாலும் பிறர் கைக்கே போயிற்று.

சவேரியார் அவர்களிடையே ஊர் ஊராக நடந்தார். தமிழறிந்தோர் துணையுடன் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கென இக்கரை மக்கள் செலுத்தி வந்த பணத்தை, உபதேசியார்களின் ஊதியத்திற்காகக் கேட்டுப் பெற்றார்.

1544-இல் வடுகர் படை கடற்கரை ஊர்களைத் தாக்கியது. மக்கள் குமரிமுனைப் பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் வாடினர். சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளுடன் உதவிக்குப் புறப்பட்டார். எதிர்க்காற்று வழிவிடவில்லை. திரும்பி வந்தவர் ஓய்ந்திருக்கவில்லை. தரைவழியே நடந்து அவர்களைச் சென்றடைந்தார். சில மாதங்களில் தூத்துக்குடி மக்கள் தீவுகளில் தஞ்சம் புகுந்து தவித்தபோதும், உணவும் நீரும் தோணிகளில் செல்ல ஏற்பாடு செய்தார்.

1545-இல் மலாக்காவுக்கும், 1549-இல் ஜப்பானுக்கும் சென்றார். சீனாவுக்குள் நுழையக் காத்திருந்த வேளையில், 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சான்சியான் தீவில் காய்ச்சலால் உயிர் துறந்தார். அப்போது வயது 46. 1622-இல் புனிதராக உயர்த்தப்பெற்றார். அவர் திருவுடல் கோவாவில் உள்ளது.

நம் கடலில் 1961-க்குப் பின் முத்துச் சலாபம் நடைபெறவில்லை. ஆயினும் சங்கெடுக்க மூழ்குவோர் இன்றும் தூத்துக்குடியில் உள்ளனர்.

சவேரியார் ஒரு நாளும் முத்துக் குளித்ததில்லை. ஆனால் ஆழத்தில் தவித்தவர் அசைத்த கயிற்றை அவர் கை உணர்ந்தது, உடனே இழுத்தது. தோழியரே, நம் அருகிலும் யாரேனும் கயிற்றை அசைத்துக்கொண்டிருக்கலாம். நம் கை விழிப்பாக இருக்கட்டும்!