முடிவிலியை எண்ணிய கேண்டர்

படிவம் நான்கில் வட்டங்கள் வரைந்து, 'செட்' என்று மலாய்மொழியில் நாம் படித்தோமே, அந்தக் கணங்களைத் தனித்துறையாக்கியவர் ஜார்ஜ் கேண்டர். 1845-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து, பதினொரு வயதில் குடும்பத்தோடு ஜெர்மனிக்கு வந்தார். தந்தை அவரைப் பொறியியலாளராக்க விரும்பினார். மகனோ கணிதத்தை விடவில்லை. பெர்லினில் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே ஒரு பெண்கள் பள்ளியில் சில காலம் கற்பித்தார். 1869-இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

1, 2, 3 என்று நீளும் எண்களையும் இரட்டைப்படை எண்களையும் ஒன்றுக்கொன்று ஜோடி சேர்த்தால் எதுவும் மிஞ்சாது. ஆகவே இரண்டும் சம அளவு! ஆனால் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட தசம எண்களை எப்படிப் பட்டியலிட்டாலும் சில விடுபட்டே தீரும். இதை அவர் 1874-இல் நிறுவினார். முடிவிலியிலும் பெரிது, சிறிது உண்டு என்றாயிற்று.

அவருக்குப் பாடம் சொன்ன குரோனெக்கரே கடுமையாக எதிர்த்தார். ஏங்கிய பெர்லின் பதவி கடைசிவரை கிட்டவில்லை. 1884-இல் மனநோய் கண்டது. எதிர்ப்பே நோய்க்குக் காரணம் என்பார்கள். அது முழு விளக்கமாக எனக்குப் படவில்லை. ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியவர் பேக்கனே என்று நிறுவுவது அவருடைய பொழுதுபோக்கு. அதுபற்றி 1899-இல் லைப்சிக்கில் உரையாற்றச் சென்றிருந்தபோதுதான் கடைசி மகன் ருடால்ஃப் இறந்தான்.

1913-இல் ஓய்வு பெற்றார். 1917-இல் மீண்டும் ஹாலே மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வீட்டுக்கு அழைத்துச்செல்லும்படி மனைவிக்கு எழுதிக்கொண்டே இருந்தவர், 1918 ஜனவரி 6 அன்று அங்கேயே காலமானார்.