கல் பங்களா கட்டிய கலெக்டர்

சாலவாக்கம் ஏரிக்கரையில் வளர்ந்தவன் நான். ஓட்டு வீடும் திண்ணையும் முற்றமும்தான் நான் அறிந்திருந்த கட்டடக்கலை. காற்று உள்ளே வர வேண்டும். வெயில் வரக் கூடாது. எங்கள் பக்கத்து வீட்டுக்கு இலக்கணம் அவ்வளவே. உதகைக்கு வந்து நம் கல்லூரியில் சேர்ந்த நாளில், வளாகத்திலுள்ள பழைய கல் வீட்டின் முன் வியந்து நின்றேன். குளிரைத் தடுக்கக் கல்லால் எழுப்பிய அந்த வீட்டைக் கட்டியவர் யார் என்று தேடியதன் பயனே இக்கட்டுரை.

அவர் பெயர் ஜான் சல்லிவன். 1788-இல் லண்டனில் பிறந்தவர். மீசை அரும்பும் வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காகச் சென்னை வந்து, 1815-இல் கோயம்புத்தூர் கலெக்டரானார். நீலகிரி அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. 1818-இல் விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இளம் அதிகாரிகள் இருவர் மலையேறிக் குளிர்நாட்டைக் கண்ட செய்தியைக் கூறவே, 1819-இல் சல்லிவனும் ஏறினார். மலை அவரைக் கட்டிப் போட்டுவிட்டது.

கோத்தகிரிக்கு அருகே அவர் முதலில் குடியிருந்த வீடு கல்லும் மண்ணும் மரமும் கொண்டு எழுந்தது. கன்னேரிமுக்கில் பாழடைந்து கிடந்த அதனை இந்த நூற்றாண்டில் செப்பனிட்டு நினைவகமாக்கியுள்ளனர். பின்னர் 1822-இல் உதகையில் அடுத்த வீட்டுக்குக் கால்கோள் இட்டார். மலைமக்கள் அதனைக் 'கல் பங்களா' என்றனர். உதகையில் எழுந்த முதல் ஐரோப்பிய வீடு அதுவே. 1826-இல் ஆளுநர் தாமஸ் மன்றோ உதகைக்கு வந்து சல்லிவனின் விருந்தினராகத் தங்கினார்.

சல்லிவன் வீட்டோடு நிற்கவில்லை. உருளைக்கிழங்கும் பிற சீமைக் காய்கறிகளும் பயிரிடச் செய்தார். 1823 முதல் 1825 வரை ஓடைகளை மறித்து ஏரி அமைத்தார். ஏரி வாரியம் வைத்து நீர் காத்த உத்திரமேரூர்ப் பக்கத்தில் பிறந்த எனக்கு, இச்செய்தி அவரை உறவினர்போல் ஆக்கிற்று.

ஆயினும் ஒரு முள் உறுத்துகிறது. கல் பங்களா நின்ற நிலம் தோடர்களின் மேய்ச்சல் நிலம். ஏக்கருக்கு ஒரு ரூபாய் கொடுத்து அவர் அதனைப் பெற்றார் என்பர். ஏக்கர் என்றால் என்னவென்றே அறியாத மக்களிடம் நடந்த வாணிபத்தை நியாயம் என்று எப்படிச் சொல்வது? அதே சல்லிவன்தான், இம்மலையின் உரிமையாளர் தோடர்களே என்று அரசிடம் வாதாடினார். மேலிடம் அதை ஏற்கவில்லை. வாங்கியவரும் வாதாடியவரும் ஒருவரே! இவரை வள்ளல் என்று புகழ்ந்து முடிப்பதும், கொள்ளையர் என்று இகழ்ந்து முடிப்பதும் எளிது. இரண்டும் முழு உண்மை ஆகா.

1838-இல் அவர் மனைவி ஹென்றியேட்டாவும் மகள் ஹாரியட்டும் அடுத்தடுத்து இறந்தனர். இருவரும் புனித ஸ்டீபன் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றனர். 1841-இல் சல்லிவன் தாய்நாடு திரும்பினார். அங்கும் வாளாவிருக்கவில்லை. சுதேச சமஸ்தானங்களைக் கம்பெனி விழுங்குவதைக் கண்டித்து எழுதினார். 1855-இல் காலமானார்.

அவர் அமைத்த ஏரி இன்று சுருங்கிவிட்டது. அதன் பரப்பில் ஒரு பகுதி பேருந்து நிலையமாகவும் பந்தயத் திடலாகவும் மாறிவிட்டது. வெள்ளையர் எடுத்த நிலத்தைப் பற்றிப் பேசும் நாம், நம் காலத்தில் தூர்ந்த நீரைப் பற்றியும் பேச வேண்டாமா? 1955-இல் தொடங்கிய நம் கல்லூரிக்கு அவர் வீடு வந்து சேர்ந்தது. ஒருவர் வாழக் கட்டிய சுவர்கள் இன்று பலர் கற்கத் துணை நிற்கின்றன. நண்பர்களே, அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது சற்று நில்லுங்கள். கட்டியவரை நினையுங்கள், அதற்கு முன் அங்கே எருமை மேய்த்தவர்களையும் நினையுங்கள்.

— மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு