கப்பலோட்டிய சிதம்பரனார்

திருநெல்வேலிச் சீமையிலுள்ள ஒட்டப்பிடாரத்தில், 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிதம்பரனார் பிறந்தார். தந்தையார் உலகநாதரைப் போலவே வழக்கறிஞராகித் தூத்துக்குடியில் தொழில் நடத்தினார்.

அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நீராவிக் கப்பல் விடும் தொழில், ஆங்கிலேயரின் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் தனியுரிமையாய் இருந்தது. பயணிகளும் வணிகரும் அது விதித்த கட்டணத்தையே செலுத்தினர். இந்நிலையை மாற்றத் துணிந்த சிதம்பரனார், 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். அதன் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

ஆங்கிலக் கம்பெனி தன் கட்டணத்தை மிகவும் குறைத்தது. நட்டத்தைத் தாங்கும் செல்வம் அதனிடம் இருந்தது. போட்டி ஒழிந்தால், பின்னர்க் கட்டணத்தை விரும்பியவாறு உயர்த்தலாம் அன்றோ? இச்சூழ்ச்சியை மக்களுக்கு எடுத்துரைத்தார் சிதம்பரனார்.

1908இல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்கும் அவர் துணைநின்றார். அவ்வாண்டே அரசு அவரைச் சிறைப்படுத்தி, இரட்டை ஆயுள்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. எனினும் சிறையில் அவர் செக்கிழுத்தார். தலைவரை இழந்த கம்பெனி நலிந்து மறைந்தது. 1912இல் விடுதலை பெற்றபோது அவரிடம் கப்பலும் இல்லை. வழக்கறிஞர் உரிமையும் இல்லை. வறுமையிலும் தமிழ்நூல்களை ஆராய்ந்து பதிப்பித்தார். 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் மறைந்தார்.

கம்பெனி அழிந்தது, அவர் ஊட்டிய துணிவு அழியவில்லை. 2011இல் தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரையே பெற்றது.