ஏசி முதலில் மனிதர்களுக்காக வரவில்லை: யார் இந்த வில்லிஸ் கேரியர்?

மே மாசம் சென்னையில் ஃபேன் முழு வேகத்தில் சுத்தினாலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். தெர்மாமீட்டரைப் பார்த்தால் 36 டிகிரிதான் காட்டும். 40 டிகிரியில் காயும் உள்மாவட்டத்துக்காரரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். ஆனால் சென்னைக்காரர் பொய் சொல்லவில்லை. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது. நம்மைப் படுத்துவது பாதி சூடு, மீதி ஈரம்.

இந்த ஈரத்தைக் கணக்குப் போட்டு அடக்கலாம் என்று காட்டியவர் வில்லிஸ் ஹாவிலண்ட் கேரியர். ஏசி வாங்கப் போனவர்களுக்கு இந்தப் பெயர் ஒரு பிராண்டாகத் தெரிந்திருக்கும். அது ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. இன்னொரு விஷயம் இன்னும் ஆச்சரியம்: அவர் செய்த முதல் ஏசி யாரையும் குளிர்விக்கச் செய்ததில்லை. பேப்பர் சுருங்காமல் இருக்கச் செய்தது.

ஆப்பிளில் படித்த கணக்கு

கேரியர் பிறந்தது 1876 நவம்பர் 26, அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் ஏரி ஏரிக்கரையோரம் உள்ள ஆங்கோலா என்ற சின்ன ஊரில் (அந்த ஏரியின் பெயரே ஏரிதான், அச்சுப்பிழை இல்லை). விவசாயக் குடும்பம். ஒரே பையன். பள்ளியில் பின்னக் கணக்கு அவனுக்குப் பிடிபடவே இல்லை. அம்மா எலிசபெத் ஒரு கூடை ஆப்பிளைக் கொண்டுவரச் சொல்லி, பாதியாக, காலாக, அரைக்காலாக வெட்டிக் கூட்டவும் கழிக்கவும் வைத்தார். அன்றைக்குப் பிடித்த கணக்கு கடைசிவரை விடவில்லை. பெரிய சிக்கலைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிப் பார்க்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அவனுக்கு 11 வயது ஆனபோது அம்மா இறந்துவிட்டார்.

கல்லூரிக்குப் பணம் இல்லை. உதவித்தொகையில் கார்னெல் பல்கலைக்கழகம் போனார். புல் வெட்டுவது, வீடுகளில் கணப்பு அடுப்புக்கு நிலக்கரி போடுவது என்று சில்லறை வேலைகள் பார்த்துச் செலவைச் சமாளித்தார். 1901ல் இன்ஜினியரிங் முடித்ததும் பஃபலோ நகரில் பஃபலோ ஃபோர்ஜ் என்ற கம்பெனியில் வேலை. வாரம் 10 டாலர் சம்பளம். பெரிய ஃபேன், ஹீட்டர், மரத்தையும் காபிக்கொட்டையையும் காயவைக்கும் சாதனங்கள் செய்கிற கம்பெனி அது. அதாவது, குளிர்ச்சிக்குப் பேர்போன மனிதர் தொழில் கற்றது சூடாக்கும் இடத்தில்.

பிரச்சினை: நிறம் ஒட்டவில்லை

1902ல் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த சாக்கெட் வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகம் ஒரு தலைவலியோடு வந்தது. கலர் பிரின்டிங்கில் ஒரே தாள் நாலு தடவை மெஷினில் போகும், ஒவ்வொரு தடவையும் ஒரு நிறம். கோடையில் காற்றில் ஈரம் ஏறினால் தாள் விரியும், குறைந்தால் சுருங்கும். திங்கட்கிழமை அடித்த மஞ்சள் மேல் செவ்வாய்க்கிழமை அடிக்கும் சிவப்பு உட்காராது. படம் கலங்கிப்போய் நிற்கும். நம்ம சிவகாசியில் அச்சுத்தொழில் வேரூன்றியதற்கு அந்த ஊரின் வறண்ட காற்றையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள் இல்லையா? புரூக்ளினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வேலை 25 வயது கேரியரிடம் வந்தது. ஹீட்டரில் சூடான நீராவி ஓடும் குழாய்களுக்குள் குளிர்ந்த தண்ணீரை விட்டால் என்ன என்று யோசித்தார். குளிர்ந்த குழாய்மேல் காற்றை ஊதினால் ஈரம் குழாயில் முத்து முத்தாகப் படியும். ஐஸ் தண்ணி ஊற்றிய டம்ளரின் வெளியே வியர்ப்பது போலத்தான். எவ்வளவு குளிர், எவ்வளவு வேகம் என்பதைக் கணக்குப் போட்டு, அறையின் ஒப்பு ஈரப்பதத்தை 55 சதவீதத்தில் நிறுத்துவதே இலக்கு. அந்த வரைபடத்தில் உள்ள தேதி 1902 ஜூலை 17. ஏசியின் பிறந்தநாள் என்று இப்போது கொண்டாடப்படுவது இதைத்தான்.

அந்த அமைப்பின் குளிர்ச்சி, ஒரு நாளைக்குச் சுமார் 49,000 கிலோ ஐஸ் உருகினால் கிடைக்கும் குளிர்ச்சிக்குச் சமம். ஏன் ஐஸ் கணக்கு? அன்றைக்குக் குளிர்ச்சியை அளக்க வேறு வழி பழக்கத்தில் இல்லை. அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை. நாம் கடையில் ஒரு டன், ஒன்றரை டன் என்று கேட்பது ஏசியின் எடையை இல்லை. 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது இழுக்கும் சூடுதான் ஒரு டன். அந்தக் கணக்கில் புரூக்ளின் மெஷின் 54 டன். நம்ம வீட்டு ஒன்றரை டன் ஏசி 36 சேர்ந்தால் அது.

பனிமூட்டத்தில் கிடைத்த விடை

முதல் வேலையில் கேரியருக்கே முழுத் திருப்தி இல்லை. அதே 1902ன் பிற்பகுதியில் பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தார். பிளாட்பாரம் முழுக்கப் பனிமூட்டம். இது கதை மாதிரிதான் இருக்கும், ஆனால் இதற்குள் இருக்கும் அறிவியல் அழகானது, நிதானமாகப் பார்க்கலாம்.

பனிமூட்டம் என்றால் காற்று அதனால் தாங்க முடிந்த அளவு ஈரத்தை முழுசாக ஏந்தி நிற்கிறது, 100 சதவீதம். ஆனால் குளிர்ந்த காற்றால் கொஞ்சம் ஈரத்தைத்தான் தாங்க முடியும். ஆக, கண்ணுக்கு நனைந்து தெரிகிற அந்தக் காற்றில் உண்மையில் இருக்கும் தண்ணீர் குறைவு. வெப்பநிலை தெரிந்தால் அது எவ்வளவு என்று துல்லியமாகவும் சொல்லிவிடலாம். அப்படியானால், குளிர்ந்த தண்ணீரை மெல்லிய தூறலாகத் தெளித்து ஒரு செயற்கைப் பனிமூட்டத்தை உண்டாக்கி, அதற்குள் காற்றைச் செலுத்தினால்? காற்று குளிரும். அதிகப்படி ஈரம் தண்ணீர்த் துளிகளிலேயே படிந்துவிடும். வெளியே வரும் காற்றை வேண்டிய அளவு சூடாக்கிக்கொள்ளலாம், அதற்குள் நமக்குத் தெரிந்த அளவு ஈரம் மட்டுமே இருக்கும்.

தண்ணீரைத் தெளித்தே காற்றைக் காயவைப்பது! கேட்டவர்கள் நம்பத் தயங்கினார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. தெளிக்கும் தண்ணீரின் வெப்பநிலையைத் திருப்பினால் போதும், ஈரம் நம் கைப்பிடியில். காற்றில் உள்ள தூசியையும் அந்தத் தூறலே கழுவிவிடும் என்பது கூடுதல் லாபம். 1906 ஜனவரி 2ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது, எண் 808897.

வீட்டு ஏசியில் இப்போது தூறல் எதுவும் இல்லை, குளிர்ந்த காயில்தான். ஆனால் பால்கனி ஓரம் பைப்பில் சொட்டுகிற தண்ணி எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததுண்டா? ஏசிக்குள் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. அது உங்கள் அறைக் காற்றில் இருந்த ஈரம். ரிமோட்டில் உள்ள டிரை மோட் இந்த வேலைக்குத்தான் முதலிடம் தரும். மழைக்கால இரவுகளில் சூடு குறைவாகவும் கசகசப்பு அதிகமாகவும் இருக்கும்போது அதைப் போட்டுப் பாருங்கள்.

கண்டுபிடித்தவர் இவர் ஒருவர்தானா?

இல்லை. ஃபுளோரிடாவில் ஜான் கோரி என்ற டாக்டர் காய்ச்சல்காரர்களின் அறையைக் குளிர்விக்க ஐஸ் செய்யும் இயந்திரம் உருவாக்கி 1851லேயே காப்புரிமை வாங்கினார். முதலீடு கிடைக்காமல் நொந்துபோய் 1855ல் இறந்தார். ஆல்ஃபிரட் உல்ஃப் என்ற இன்ஜினியர் நியூயார்க் பங்குச்சந்தைக் கட்டிடத்தைக் குளிர்வித்ததும் கேரியரின் காலத்தில்தான். ஏர் கண்டிஷனிங் என்ற சொல்கூடக் கேரியருடையது இல்லை. 1906ல் ஸ்டூவர்ட் கிராமர் என்ற ஜவுளி ஆலை இன்ஜினியர் சூட்டியது. கேரியரின் பங்கு வேறு: மற்றவர்கள் குத்துமதிப்பாகச் செய்ததை இவர் சூத்திரமாக்கினார். காற்றின் வெப்பம், ஈரம், பனிநிலை மூன்றுக்கும் உள்ள உறவை 1911 டிசம்பரில் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தில் கட்டுரையாக வைத்தார். மெக்கானிக்கல் படித்தவர்கள் பரீட்சையில் சைக்ரோமெட்ரிக் சார்ட் பார்த்துத் திணறியிருப்பீர்களே, அதன் வேர் இங்கேதான்.

அந்தக் காலத்தில் வாடிக்கையாளர்கள் எல்லாம் ஆலைகள். பஞ்சாலையில் காற்று காய்ந்தால் நூல் அறும், ஆகவே அங்கே ஈரத்தைக் கூட்ட வேண்டும். கோவை, திருப்பூர் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட் என்றால் விளக்க வேண்டியதில்லை. கவனியுங்கள், இது எதுவுமே தொழிலாளிக்காக இல்லை. நூலுக்காக, தாளுக்காக. சரக்குக்குக் கிடைத்த சொகுசு மனிதனுக்கு வர இன்னும் 20 வருஷம் ஆனது.

வேலை போனது, கம்பெனி பிறந்தது

1914ல் முதல் உலகப் போர் தொடங்கியதும் பஃபலோ ஃபோர்ஜ் செலவைச் சுருக்கியது. ஏர் கண்டிஷனிங் பிரிவை மூட முடிவானது. கேரியருக்கும் அவருடைய நண்பரும் விற்பனையில் கெட்டிக்காரருமான இர்வின் லைலுக்கும் வேலையில் நீடிக்க இடம் இருந்தது. மற்றவர்களுக்கு இல்லை. இருவரும் வெளியேறி, இன்னும் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, கையில் இருந்ததைப் போட்டு 32,600 டாலரில் 1915 ஜூனில் கேரியர் இன்ஜினியரிங் கார்ப்பரேஷனைத் தொடங்கினார்கள். சொந்தத் தொழிற்சாலைகூடக் கிடையாது. பழைய முதலாளியிடமே இயந்திரம் வாங்கி வேலை செய்தார்கள்.

மக்கள் குளிர்ந்த இடம் தியேட்டர்

அமெரிக்காவில் கோடை வந்தால் சினிமா தியேட்டர்கள் ஈ ஓட்டும். சில மூடியே கிடக்கும். குளிர்விக்க முயன்ற இடங்களில் தரையிலிருந்து குளிர்காற்றை ஊதினார்கள். கால் விறைத்தது, தலை வியர்த்தது. கேரியரின் ஆட்கள் அதைத் தலைகீழாக்கி, மேலிருந்து காற்றை இறக்கிக் கீழே உறிஞ்ச வைத்தார்கள். குளிர்ந்த காற்று கனமானது, தானாகக் கீழே இறங்கும். ஸ்பிளிட் ஏசியைச் சுவரின் உச்சியில் மாட்டுவதும் இதனால்தான்.

இன்னொரு தடை, அன்றைய அம்மோனியா இயந்திரங்கள். ராட்சத உருவம், கசிந்தால் உயிருக்கு ஆபத்து. ஆயிரம் பேர் உட்காரும் கட்டிடத்தில் அதை யார் வைப்பார்கள்? 1922ல் கேரியர் அறிமுகப்படுத்திய சென்ட்ரிஃபியூகல் சில்லர் உருவத்தில் சின்னது, அம்மோனியா இல்லாதது. 1924ல் டெட்ராய்ட்டின் ஹட்சன் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் வைத்தார்கள். அங்கே அடித்தளத்தில் தள்ளுபடி விற்பனை நடக்கும்போது கூட்டத்தில் ஆட்கள் மயங்கி விழுவது வழக்கமாம்.

அடுத்தது நியூயார்க்கின் ரிவோலி தியேட்டர், 1925 மே மாத விடுமுறை வார இறுதி. பாரமவுன்ட் அதிபர் அடால்ஃப் ஜூகரே வந்து பால்கனியில் உட்கார்ந்தார். இயந்திரத்தைத் தொடங்கத் தாமதமானது. அரங்கு முழுக்க விசிறிகள் ஆடிக்கொண்டிருந்தன. கேரியர் பின்னால் நின்று படத்தைப் பார்க்கவில்லை, விசிறிகளைப் பார்த்தார். குளிர் இறங்க இறங்க ஒன்றொன்றாக நின்றன, கடைசியில் பிடிவாதமாக வீசியவர்களும் நிறுத்தினார்கள். படம் முடிந்து வந்த ஜூகர், மக்களுக்கு இது பிடிக்கும் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஐந்தாண்டுகளில் தியேட்டர்கள் வரிசையில் நின்றன. 1928ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கும், அடுத்த வருஷம் செனட்டுக்கும் ஏசி வந்தது. அதற்கு முன்பு வாஷிங்டனில் கோடைச் சட்டசபை என்றால் என்ன பாடு என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

வீடு மட்டும் கைகூடவில்லை

வீட்டுக்கு ஏசி என்பது அதற்கு முன்பே பணக்காரர் விளையாட்டாக இருந்தது. மின்னியாபொலிஸில் சார்லஸ் கேட்ஸ் என்ற கோடீஸ்வரரின் மாளிகைக்கு 1914ல் ஓர் அறை அளவுக்கு ஏசி வைக்கப்பட்டது. அவரோ வீடு முடியும் முன்பே இறந்துபோனார்.

1928ல் கேரியர் வெதர்மேக்கர் என்ற வீட்டு ஏசியைக் கொண்டுவந்தார். பெயர் நல்ல பெயர். நேரம் சரியில்லை. 1929ல் பங்குச்சந்தை விழுந்தது, வேலை போனவர்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்ற நாட்டில் வீட்டைக் குளிர்விக்க யார் வாங்குவார்கள்? கம்பெனியே 1930ல் வேறு இரண்டு நிறுவனங்களோடு இணைந்துதான் தாக்குப்பிடித்தது. 1937ல் சிதறிக் கிடந்த பிரிவுகளைச் சிரக்யூஸ் நகரில் ஒன்றாக்கினார்கள். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் பனிவீடு வடிவில் அரங்கம் கட்டி உள்ளே குளிர்ச்சியைக் காட்டினார்கள். கூட்டம் வந்து ரசித்தது. வாங்கத்தான் ஆள் இல்லை, பிறகு இரண்டாம் உலகப் போரும் வந்துவிட்டது.

போர்க்காலத்தில் கிளீவ்லாந்தில் விமான இன்ஜின்களைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்துக்குக் குளிர்பதன அமைப்பு செய்தார். உயர வானத்தின் மைனஸ் 55 டிகிரி குளிரைத் தரையில் உண்டாக்க வேண்டும். தன் வாழ்நாளின் பெரிய சாதனையாக அவர் எண்ணியது இதைத்தான், அச்சகத்தையோ தியேட்டரையோ இல்லை.

வீட்டு வாழ்க்கையில் அடிமேல் அடி. முதல் மனைவி 1912ல் இறந்தார், இரண்டாவது மனைவி 1939ல். மூன்றாவதாக ஒரு திருமணம். ஞாபகமறதிக்காரர், வெளியூர் போக எடுத்துச் சென்ற பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு கைக்குட்டை மட்டும் இருந்ததாக அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. 1950 அக்டோபர் 7ல், 73 வயதில் காலமானார்.

அவர் இறந்த மூன்றாவது வருஷம், 1953ல், அமெரிக்காவில் ஒரே ஆண்டில் பத்து லட்சத்துக்கும் மேல் அறை ஏசிகள் விற்றன. விலை குறைந்த, ஜன்னலில் பொருத்தும் சின்னப் பெட்டிகள் அவை. இன்று அமெரிக்க வீடுகளில் பத்தில் ஒன்பதில் ஏசி இருக்கிறது. ஆனால் உலகின் அதிவெப்பப் பகுதிகளில் வாழும் சுமார் 280 கோடி பேரில் 8 சதவீதத்தினர் வீட்டில்தான் ஏசி உள்ளது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2018ல் கணக்கிட்டது. மீதிப் பேரும் வாங்கினால் அத்தனை மின்சாரம் எங்கிருந்து வரும், அவர்கள் வாங்காமல் இந்தச் சூட்டை எப்படித் தாங்குவார்கள் என்ற இரண்டு கேள்விகளும் இப்போது அந்த முகமையின் மேஜையில் ஒன்றாகக் கிடக்கின்றன.