ஊரறிந்த உண்மைக்கு ஒரு வழக்கு

1974-ஆம் ஆண்டு வாக்கில், ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரிலுள்ள ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராகப் பணியாற்றி வந்தார் எடி கொய்கி மாபோ. நோயல் லூஸ், ஹென்றி ரெனால்ட்ஸ் என்ற இரு வரலாற்றாசிரியர்களுடன் ஒருநாள் உரையாடிக்கொண்டிருந்தபோது, தம் தீவிலுள்ள குடும்ப நிலத்தைப் பற்றிப் பேசினார். சட்டத்தின் பார்வையில் அந்த நிலம் அவருடையதல்ல, முடியரசுக்குச் சொந்தமானது என்று அவர்கள் எடுத்துரைக்க நேர்ந்தது. மாபோ திகைத்துப்போனார்.

ஆஸ்திரேலியச் சட்ட வரலாற்றையே திருப்பிப்போட்ட ஒரு வழக்கின் வேர் அந்தத் திகைப்பில் இருக்கிறது. ஆனால், மாபோவின் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் என் மனதை உறுத்துவது, அந்த வழக்கின் வெற்றிக்கு முன்பு அவர் தனிமனிதராக அடைந்த தோல்விதான்.

குயின்ஸ்லாந்துக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணையில் மர்ரே தீவுகள் என மூன்று சிறு தீவுகள் உள்ளன. மொத்தப் பரப்பே சுமார் 9 சதுர கிலோமீட்டர்தான். அவற்றுள் பெரியதான மெர் தீவில் 1936 ஜூன் 29-இல் மாபோ பிறந்தார். பிறந்த சிறிது காலத்திலேயே தாய் இறந்துவிட, தாய்மாமன் பென்னி மாபோவும் அவர் மனைவியும் தீவின் வழக்கப்படி குழந்தையைத் தங்கள் மகனாக ஏற்று வளர்த்தனர். எழுத்தோ முத்திரையோ இல்லாத அந்தத் தத்து, ஊரார் அறிய நடந்தது.

மெர் மக்கள் தோட்டப்பயிர் செய்பவர்கள். எந்தத் துண்டு நிலம் யாருக்குரியது, எந்த மரமும் கல்லும் எல்லை என்பதைத் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகவே காத்து வந்தவர்கள். பிறர் நிலத்தில் அனுமதியின்றிக் கால் வைக்கலாகாது என்பது அவர்களுடைய மாலோ தெய்வம் வகுத்த நெறி. 1879-இல் குயின்ஸ்லாந்து இத்தீவுகளைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அந்த நெறியை யாரும் கைவிடவில்லை.

இளமையில் தீவை விட்டு வெளியேறிய மாபோ, முத்துச்சிப்பிப் படகுகளிலும் கரும்புத் தோட்டங்களிலும் ரயில் பாதைப் பணியிலும் உழைத்தார். 1959-இல் பொனிட்டாவை மணந்தார். 1973-இல் டவுன்ஸ்வில்லில் கறுப்பின மக்களின் குழந்தைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். இதற்கிடையே, நோயுற்றிருந்த வளர்ப்புத் தந்தையைக் காணச் சென்றவருக்கு மெர் தீவில் இறங்க அனுமதி மறுக்கப்பட்டது. அதன்பிறகு அவர் தந்தையை உயிருடன் காணவேயில்லை.

1982 மே 20-இல், மாபோவும் மெர் தீவைச் சேர்ந்த வேறு நால்வரும் நாட்டின் உச்ச அமைப்பான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். பதினொரு ஆண்டுகளுக்கு முன்புதான், வடக்குப் பிரதேசத்து யோல்ங்கு மக்களின் நில உரிமைக் கோரிக்கையை ஒரு நீதிமன்றம் நிராகரித்திருந்தது. இம்முறை வழக்கை முளையிலேயே கிள்ள, 1985-இல் குயின்ஸ்லாந்து அரசு ஒரு சட்டமே இயற்றியது. இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்துக்கு முரணானது என்று 1988-இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. நான்கு நீதிபதிகள் ஒருபுறம், மூவர் மறுபுறம்.

உண்மைகளை விசாரிக்கும் பொறுப்பு குயின்ஸ்லாந்து நீதிமன்றத்திடம் விடப்பட்டிருந்தது. தந்தையும் பாட்டனாரும் காட்டிய எல்லைகளை மாபோ சாட்சிக் கூண்டில் நின்று விவரித்தபோது, அது செவிவழிச் செய்தி என்று அரசுத் தரப்பு மீண்டும் மீண்டும் ஆட்சேபித்தது. வாய்மொழியையே பத்திரமாகக் கொண்ட சமூகம் வேறு எதைக் கொண்டுவந்து காட்ட முடியும்? 1990-இல் வெளியான முடிவு மாபோவுக்குப் பேரிடி. பென்னி மாபோவின் வாரிசு அவர் என்பதை நீதிபதி ஏற்கவில்லை. அவருடைய சாட்சியத்தையும் பெரிதும் நம்பவில்லை. தீவார் மகன் என்று அறிந்தவரைச் சட்டம் மகனல்ல என்றது.

தம் சொந்தப் பாத்தியதை வீழ்ந்தபின்னும் வழக்கு வீழவில்லை. மெரியம் மக்கள் அனைவரின் உரிமையாக அது முன்சென்றது. ஆனால் 1992 ஜனவரி 21-இல் மாபோ புற்றுநோயால் மறைந்தார். ஜூன் 3-இல் தீர்ப்பு வந்தது. ஏழு நீதிபதிகளில் ஆறு பேர், மர்ரே தீவுகளின் நிலம் மெரியம் மக்களுக்கே உரியது என்றனர். பிரிட்டிஷார் வந்தபோது ஆஸ்திரேலியா உரிமையாளரற்ற நிலமாக இருந்தது என்ற கற்பிதம் தகர்ந்தது. 1993-இல் நாடாளுமன்றம் பூர்விக நில உரிமைச் சட்டத்தை இயற்றியது.

மூன்றாண்டுகள் கழித்து, அதே ஜூன் 3-இல் டவுன்ஸ்வில்லில் அவருடைய கல்லறைக்கல் திறக்கப்பட்டது. அன்றிரவே விஷமிகள் அதை இனவெறிச் சின்னங்களால் சிதைத்தனர். குடும்பத்தார் அவர் உடலை மெர் தீவுக்குக் கொண்டுசென்று, அவர் பிறந்த லாஸ் கிராமத்தில் அடக்கம் செய்தனர்.

மாபோவை வெற்றி வீரராக மட்டும் கொண்டாடுவது அவருக்கு முழு நியாயம் செய்யாது என்றே கருதுகிறேன். அந்தத் தீர்ப்பு மகத்தானது. ஆனால் தனியாருக்கு முழு உரிமையுடன் வழங்கப்பட்ட நிலங்களை அது மீட்டுத் தராது. நிலத்துடனான மரபுத் தொடர்ச்சியை மெய்ப்பிக்கும் சுமையும் கோருவோர் தலையில்தான் இருக்கிறது. தென்கிழக்கே யோர்ட்டா யோர்ட்டா மக்கள் அந்தத் தொடர்ச்சியை நிறுவ இயலாமல் 2002-இல் உயர் நீதிமன்றத்திலும் தோற்றனர். வெகு காலம் முன்பே விரட்டப்பட்டவர்களுக்கு, விரட்டப்பட்டதே பாதகமாக முடிகிறது.

ஒரு சமூகத்தின் உரிமையை அங்கீகரிப்பதென்றால், அந்த உரிமையை அது எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறதோ அந்த முறைக்கும் மதிப்பளிக்க வேண்டும். 1992-இன் தீர்ப்பு முதலாவதைச் செய்தது. இரண்டாவது, தம் தந்தையின் மகன் என்று நிரூபிக்க இயலாமல் மாண்ட அந்தத் தோட்டக்காரருக்கு நாம் இன்னும் செலுத்தாத கடன்.